ஸ்டீவ் அல்பினி ரெக்கார்ட் பண்ணதுல உங்களுக்குப் புடிச்ச ஆல்பம் எது? இன் யூட்டரோவுக்கு அப்புறம் எதக் கேக்குறது?

செக்காலை ரோடு:

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடிதான் நான், ஆனா ரெண்டு மாசமா கானாடுகாத்தான்ல எங்க ஐயா, அதான் தாத்தா, வீட்டுலயே இருக்கேன். வருசக்கணக்கா பூட்டிக் கெடந்த வீடு, ஓடு பிரிச்சு மாத்துற வேல நடக்குது, கூட நிக்க ஒரு ஆளு வேணும்னு என்னைய அனுப்பிட்டாக. பகல் பூராம் தூசியும் சத்தமும்தான். சாயங்காலம் ஆளுக கெளம்புனப்பறம் முகப்புலருந்து ரெண்டாங்கட்டு வரைக்கும் ஒரு பொட்டுச் சத்தம் இருக்காது, அப்ப வளவுல, அதான் வீட்டு நடு முத்தத்துல, பாய விரிச்சு ஒரு சின்ன ஸ்பீக்கர வச்சுக்கிட்டு பாட்டு கேப்பேன்.

அமெரிக்க ராக் பேண்டு நிர்வானாவோட இன் யூட்டரோ ஆல்பம் ஹாஸ்டல்ல இருந்தப்பவே கேட்டதுதான், அப்ப அது எனக்கு ஒரே இரைச்சல். போன வாரம் இங்க வச்சுப் போட்டேன், ட்ரம்ஸ் வந்ததும் நிமிந்து உக்காந்துட்டேன். பக்கத்து ரூம்ல யாரோ நெசமா உக்காந்து அடிக்கிற மாதிரி இருந்துச்சு, அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல அந்த ரூம் கேக்குது. அப்புறந்தான் யாரு ரெக்கார்ட் பண்ணதுன்னு தேடிப் படிச்சேன், ஸ்டீவ் அல்பினினு ஒரு அமெரிக்க ரெக்கார்டிங் இன்ஜினியர். 1993 பிப்ரவரில மினசோட்டாவுல பேக்கிடெர்ம்னு காட்டுக்குள்ள இருக்குற ஸ்டூடியோல ரெண்டு வாரத்துக்குள்ள முடிச்சிருக்காங்க. ரெண்டு பாட்டுக்கு ட்ரம்ஸ தூக்கிட்டுப் போயி அடுப்படில போட்டு எடுத்திருக்காரு அல்பினி, அங்க எதிரொலி நல்லா இருந்துச்சுங்குறதுக்காக! அவரு 2024 மே 7ல மாரடைப்புல தவறிட்டாருங்குறதும் இப்பத்தான் தெரியும், 61 வயசுதான்.

என் கேள்வி இதான். அவரு கை பட்டதுல உங்க மனசுல நிக்கிற ஆல்பம் எது, ஏன்? லிஸ்ட் போடாதீங்க, லிஸ்ட் எங்கயும் கெடைக்குது, ஆயிரக்கணக்குல ரெக்கார்ட் பண்ணிருக்காருங்குறாங்க. நீங்க எங்க வச்சு எப்பக் கேட்டீங்க, எது உங்களப் புடிச்சு நிப்பாட்டுச்சுன்னு சொல்லுங்க. எப்படி அந்த ரூம் சத்தம் வருதுன்னு தெரிஞ்சவங்க இருந்தா அதையும் சொல்லுங்க.


தேவகோட்டை ரஸ்தா:

தம்பி, இந்தக் கேள்விய யாராவது கேக்க மாட்டாங்களான்னு ரொம்ப நாளா காத்துக்கிட்டிருந்தேன். நான் இருபது வருசமா சவுண்டு வேலதான் பாக்குறேன், கோயில் திருவிழா, கல்யாணம், அப்பப்ப நாயனக் கச்சேரி ரெக்கார்டிங்.

எனக்கு எப்பவும் பிக்ஸீஸ் பேண்டோட சர்ஃபர் ரோசாதான், 1988ல வந்தது. பாஸ்டன்ல பத்து நாள்ல எடுத்து முடிச்ச ஆல்பம். அதுல எக்கோ மெஷின் போடாம, அந்த பேண்டுல பாஸ் கிடார் வாசிச்சுப் பாடுற கிம் டீல பாத்ரூமுக்குள்ள நிக்க வச்சுப் பாட வச்சிருக்காரு அல்பினி. சுவத்துல பட்டுத் திரும்பி வர்ற குரலுக்கும் மெஷின்ல போட்ட எக்கோவுக்கும் உள்ள வித்தியாசம் காது பழகுனவங்களுக்கு ஒரு நொடில தெரிஞ்சிரும், மெஷின் எக்கோ குரலுக்கு மேல போர்த்துன துண்டு மாதிரி தனியாக் கெடக்கும், செவுரு எக்கோ குரலோடயே சேந்து வரும்.

இப்ப ரூம் சத்தம் எப்படி வருதுன்னு கேட்டீல்ல. ட்ரம்முக்குப் பக்கத்துல மைக் வைக்கிறது எல்லாரும் பண்றதுதான். அவரு அதோட தூரமாவும் மைக் வைப்பாரு, பல நேரம் தரையிலயே படுக்க வச்சிருவாரு. தரைய ஒட்டி இருந்தா தரையில பட்டுத் தெறிச்சு வர்ற சத்தம் தனியா லேட்டா வந்து மோதி கொழப்பாது. அந்தத் தூர மைக்க இன்னும் ஒரு பத்து இருபது மில்லி செகண்டு தள்ளிக் கேக்குற மாதிரி வைப்பாரு. சத்தம் ஒரு செகண்டுக்கு 340 மீட்டர் சொச்சம் போகுது, அப்ப 20 மில்லி செகண்டுன்னா 7 மீட்டர் கிட்ட, அதாவது மைக் 22 அடி பின்னால போன மாதிரி. ரூமு சின்னதா இருந்தாலும் காதுக்குப் பெருசாக் கேக்கும், அதே நேரத்துல முதல் அடி மழுங்காது. இத நான் படிச்சுப்புட்டு செஞ்சு பாத்தேன், அதச் சொல்றேன் கேளு.

ஆறேழு வருசத்துக்கு முன்னாடி ஒரு நாயன செட்ட டவுன்ல ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். செவுரு பூராம் பஞ்சு ஒட்டுன சின்ன ரூமு, தவில் தனியா நாயனம் தனியா ஒவ்வொருத்தரையா வாசிக்க வச்சாங்க, அப்புறம் அவுங்களே எக்கோ போட்டுக் குடுத்தாங்க. தவில்காரரு கேட்டுட்டு ஒண்ணும் பேசல, பேசாம செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டாரு. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. அடுத்த மாசம் ஒரு தெரிஞ்ச வீட்டுல சாவி வாங்கி, பட்டாலையில நாலு பேரையும் எதிரெதிர உக்கார வச்சு ஒண்ணாவே வாசிக்கச் சொல்லி எடுத்தேன். தவிலுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மைக், ஏன்னா வலந்தலையில கூடு மாட்டுன வெரலு படுறதும் தொப்பியில கம்பு விழுறதும் வேற வேற சத்தம், ஒரே மைக்ல ரெண்டையும் புடிக்க முடியாது. நாயனத்துக்கு ஒண்ணு, கொஞ்சம் மேல தூக்கி. மிச்சம் ரெண்டு மைக்க வளவு ஓரத்துல தரையில துணி விரிச்சுப் போட்டேன். எடுத்தத போட்டுக் காமிச்சப்ப அந்த தவில்காரரு ரெண்டாவது தடவ போடச் சொன்னாரு. இருபது வருசத்துல எனக்குக் கெடச்ச பெரிய சம்பளம் அதுதான்.

உன் ஐயா வீட்டு வளவுல கேட்டப்ப உனக்குப் புரிஞ்சது சும்மா இல்ல. மேல தொறந்து கெடக்கு, அதனால பாஸ்ங்குற கீழ்ச்சத்தம் தேங்காம வெளிய போயிரும், நாலு பக்கமும் சுண்ணாம்புப் பூச்சு வழவழன்னு இருக்கு, கீழ ஆத்தங்குடிக் கல்லு. மேல்சத்தம் மட்டும் பளிச்சுனு திரும்பி வரும். அல்பினி சிகாகோவுல 1997ல எலக்ட்ரிக்கல் ஆடியோனு சொந்த ஸ்டூடியோ கட்டுனப்ப அடோபி கல்லு வச்சு செவுரு எழுப்புனாரு, நம்ம ஊரு பாசையில சுடாத பச்சக்கல்லு. செவுரு எதுல கட்டுறோம்ங்குறத மைக் மாதிரியே யோசிச்ச மனுசன்.

அவரோட சொந்த பேண்டு ஷெல்லாக்கையும் விட்றாத. அட் ஆக்சன் பார்க், 1994. மூணே பேரு, கிடார் பாஸ் ட்ரம்ஸ், மூணு பேருக்கும் நடுவுல எவ்வளவு எடம் கெடக்குன்னு பாரு.


பள்ளத்தூர்க்காரி:

எனக்கு இங்கிலாந்துப் பாடகி பிஜே ஹார்வியோட ரிட் ஆஃப் மீ. யோசிக்கவே வேணாம்.

காலேஜுல இருந்தப்ப வீட்டுல கல்யாணப் பேச்சு நடந்துக்கிட்டிருந்துச்சு, நான் வேணாம்னு சொல்றது யாரு காதுலயும் விழல. சத்தமாச் சொன்னா அடங்காதவ, மெதுவாச் சொன்னா சம்மதம்னு எடுத்துக்கிட்டாக. அப்பத்தான் ஒரு தோழி அந்த ஆல்பத்தக் குடுத்தா. முதல் பாட்டு ஆரம்பத்துல கிடார் ரொம்பச் சன்னமா இருக்கும், நான் போன் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு சவுண்ட ஏத்தி வச்சேன், திடீர்னு எல்லாம் சேந்து வெடிச்சுச்சு பாருங்க, ஹெட்போன கழட்டி எறிஞ்சுட்டேன், அப்புறம் கையி நடுங்க திரும்ப எடுத்து மாட்டிக்கிட்டேன். கிசுகிசுப்பும் கத்தலும் ஒரே தொண்டைலருந்து வருதுங்குறத அப்படியே வச்சிருக்காரு அல்பினி, ரெண்டையும் ஒரே அளவுக்கு இழுத்து சமன் பண்ணல. வேற யாராவதா இருந்தா மெதுவான எடத்த ஏத்தி சத்தமான எடத்த எறக்கி ரேடியோவுக்கு ஏத்தாப்புல ஆக்கியிருப்பாங்க. அதுவும் அதே பேக்கிடெர்ம் ஸ்டூடியோதான், 1992 டிசம்பர்ல எடுத்தது, இன் யூட்டரோவுக்கு ரெண்டு மாசம் முந்தி.

பிரீடர்ஸ் பேண்டோட பாட் ஆல்பம், 1990, அதையும் கேளுங்க. சர்ஃபர் ரோசாவுல பாடுற அதே கிம் டீல்தான், இங்க தலைவி. நிர்வானாவுல பாடுற கர்ட் கோபேனுக்கு உசுரான ஆல்பம் அது, சர்ஃபர் ரோசாவும் பாட் ஆல்பமும் கேட்டுத்தான் அல்பினிகிட்ட போனாரு. அரை மணி நேரம்தான் ஓடும், ஒரு நொடி கூட வீணா இல்ல.

ஆனா ஒண்ணு சொல்லாம போகக் கூடாது. 80கள்ல அல்பினி தன்னோட ஒரு பேண்டுக்கு வச்ச பேர நான் இங்க எழுத மாட்டேன், பொம்பளைங்க வாயால சொல்லக் கூசுற பேரு. அது எனக்குத் தெரிஞ்சப்ப ஆறு மாசம் அவரு பண்ண எதையும் கேக்கல. அப்புறம் 2021ல அவரே வெளிப்படையா எழுதுனாரு, அந்த வயசுல தான் சொன்னதும் செஞ்சதும் தப்பு, சொகுசான எடத்துல நின்னுக்கிட்டுப் பேசினது, அதுக்குப் பொறுப்பு தன்னோடதுதான்னு. சாக்கு சொல்லல, மத்தவங்க மேல தள்ளல. நான் திரும்பக் கேக்க ஆரம்பிச்சேன். மறக்கல, ஆனா கேக்குறேன்.


புதுவயல் 90:

ஜீஸஸ் லிசர்ட் பேண்டோட கோட், 1991. அவ்வளவுதான் என் ஓட்டு. பாஸ் கிடார் அடிவயித்துல கேக்கும், பாடுறவரு தொட்டிக்குள்ள மாட்டிக்கிட்டுக் கத்துற மாதிரி இருக்கும். பள்ளத்தூர் அக்கா சொன்ன ரிட் ஆஃப் மீ எனக்கு ஒத்து வரலக்கா, குரல் ரொம்ப உள்ள போயிருச்சு, வரிகளே புரியல, பாதி பாட்டுக்கு சவுண்டு ஏத்தி ஏத்தி எறக்க வேண்டியதா இருக்கு. அவ்வளவு நல்ல குரல ஏன் அப்படிப் புதைக்கணும்?


பள்ளத்தூர்க்காரி:

தம்பி, அதே வருசம் அவங்களே அந்தப் பாட்டுல பலதையும் வீட்டுல தனியா எடுத்த வடிவத்த 4 ட்ராக் டெமோஸ்னு வெளியிட்டாங்க, அதப் போட்டுப் பாரு. குரல் முன்னாடி நிக்கும், ஒவ்வொரு வார்த்தையும் புரியும். ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டா நீ சொல்றதுலயும் ஞாயம் இருக்குன்னு நானே ஒத்துக்குவேன். ஆனா அல்பினி எடுத்ததுல அந்தக் குரலு கிடாரோடயும் ட்ரம்ஸோடயும் சண்ட போட்டு மேல வருது, எனக்கு அந்தச் சண்டதான் வேணும். நான் இருந்த நெலமைக்கு ஈசியா கேக்குற குரல் பொய்யாத் தெரிஞ்சிருக்கும்.


பச்சக்கல்லு:

எல்லாரும் சத்தமான ஆல்பத்தையே சொல்றீங்க. அல்பினின்னா இரைச்சல்னு பேராயிருச்சு, எனக்கு அதுல ரொம்ப வருத்தம், அவரோட ஒசந்த வேல அமைதியான ஆல்பங்கள்லதான் இருக்குங்குறது என்னோட கட்சி. சத்தத்துக்குள்ள சின்னத் தப்பு ஒளிஞ்சுக்கும், அமைதியில ஒளிய முடியாது.

நீனா நாஸ்டாசியானு ஒரு பாடகி, த பிளாக்கன்ட் ஏர், 2002. நைட் ஷிப்ட் முடிச்சு சிங்கம்புணரிலருந்து வர்ற விடிகால பஸ்ஸுல, ஜன்னல் சீட்டுல கேட்டேன். அவங்க பாடுறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்குறது கேக்கும். குன்றக்குடி தாண்டுறப்ப அழுதுக்கிட்டிருந்தேன், எதுக்குன்னு இப்ப வரைக்கும் தெரியல. லோ பேண்டோட திங்ஸ் வி லாஸ்ட் இன் த ஃபயர், 2001, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்து பாடுறது. மிமி பார்க்கர் நின்னுக்கிட்டே ரெண்டு மூணு சாமான மட்டும் வச்சு அடிப்பாங்க, ஒரு அடி விழுந்து அது முழுசா அடங்குற வரைக்கும் அடுத்தது வராது. அந்த அம்மா 2022ல கேன்சர்ல போயிட்டாங்க. டர்ட்டி த்ரீ பேண்டோட ஓஷன் சாங்ஸ் 1998, அதுல பாட்டே கெடையாது, வயலின் கிடார் ட்ரம்ஸ் மட்டும், மழ நாளைக்கு வச்சுக்கங்க. ஜோயன்னா நியூசமோட ஈஸ் ஆல்பத்துல பின்னாடி பெரிய ஆர்கெஸ்ட்ரா வரும், ஆனா அவங்க ஹார்ப்பும் குரலும் மட்டும் அல்பினி எடுத்தது, நரம்புல வெரல் படுற எடம் தெரியும்.

எல்லாத்துக்கும் மேல சாங்ஸ் ஓஹையாவோட மேக்னோலியா எலக்ட்ரிக் கோ, 2003. ஜேசன் மொலினா பாட்டு. எலக்ட்ரிக்கல் ஆடியோல எல்லாரும் ஒண்ணா உக்காந்து பெரும்பாலும் நேரடியா வாசிச்சு எடுத்தது. முதல் பாட்டு ஏழு நிமிசம் ஓடும், ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே வாசிக்கிறாங்கன்னு கேக்குறப்பவே தெரியும். மொலினா 2013ல 39 வயசுல போயிட்டாரு. அவரு இப்ப இல்ல, எடுத்தவரும் இல்ல, அந்த ரூமுல அன்னைக்கு நடந்தது மட்டும் அப்படியே இருக்கு.

இன்னொரு சேதி. எங்க அப்பா கொத்தனாரு. இந்தச் சுத்துவட்டாரத்துல பழைய வீட்டுக்கு சுண்ணாம்புப் பூச்சு பூசத் தெரிஞ்ச கடைசி தலைமுறை ஆளுகள்ல ஒருத்தரு. சுண்ணாம்ப ஊற வச்சு அரைச்சு, கடைசிக் கோட்டுக்கு முட்டை வெள்ளக்கரு சேத்து, கூழாங்கல்லால தேச்சு தேச்சு கண்ணாடி மாதிரி ஆக்குவாரு. தேச்சு முடிச்சா கூலி வாங்கிக்கிட்டு வந்துருவாரு. அந்த வீட்டுல சினிமா சூட்டிங் நடந்து ஓனருக்கு எவ்வளவு வந்தாலும் அதுல எனக்குப் பங்கு குடுன்னு போயி நின்னதில்ல. நிர்வானாவுக்கு எழுதுன லெட்டர்ல அல்பினி சொன்னதும் இதுதான், ஒரு பிளம்பருக்குக் குடுக்குற மாதிரி எனக்குக் கூலி குடுங்க, ராயல்டி வேணாம், அது பாட்டு எழுதி வாசிச்சவங்க சொத்து, அதுல கை வைக்கிறது தப்புன்னு. ஆல்பம் லட்சக்கணக்குல வித்துச்சு, அவரு வாங்குனது பேசுன கூலி மட்டும்தான். ப்ரொட்யூசர்னு பேரு போடுறதும் அவருக்குப் புடிக்காது, ரெக்கார்ட் பண்ணது இன்னாருன்னு போட்டாப் போதும்பாரு. இத எங்க அப்பாகிட்ட சொன்னப்ப ரொம்ப நேரம் யோசிச்சாரு, அப்புறம் "அந்தாளு வேலக்காரன்டா"ன்னாரு. எங்க வீட்டுல ஒருத்தரப் பத்தி அப்பா சொல்ற ஒசந்த வார்த்த அது.


தேவகோட்டை ரஸ்தா:

பச்சக்கல்லு தம்பி, உங்க அப்பாருக்கு என் வணக்கத்தச் சொல்லுங்க. அந்தப் பூச்சு இல்லாட்டி என் தவில் ரெக்கார்டிங்கே இல்ல.

அமைதியான ஆல்பம் பத்தி நீங்க சொன்னதுக்கு அப்புறம் ஓஷன் சாங்ஸ் போட்டுக் கேட்டேன், நான் தோத்துட்டேன், ஒத்துக்குறேன். ஜிம் ஒயிட் ட்ரம்ஸ் வாசிக்கிறாரா இல்ல தடவுறாரான்னு தெரியல.

புதுவயல் தம்பிக்கு, இன் யூட்டரோவுலயும் இந்தக் குரல் சண்ட வந்துச்சு. முடிச்சுக் குடுத்தப்பறம் குரலும் பாஸும் பத்தலன்னு பேச்சு கெளம்பி, ஸ்காட் லிட்டுனு இன்னொருத்தர வச்சு ரெண்டு பாட்ட மறுபடி மிக்ஸ் பண்ணித்தான் வெளியிட்டாங்க, ஹார்ட் ஷேப்டு பாக்ஸ், ஆல் அப்பாலஜீஸ். 2013ல இருபதாம் வருசத்துக்கு அல்பினியே முழு ஆல்பத்தையும் புதுசா மிக்ஸ் பண்ணாரு. ரெண்டையும் வளவுல போட்டுக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க செக்காலை.


செக்காலை ரோடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒரு வாரமா ராத்திரிக்கு ஒண்ணா கேட்டுக்கிட்டிருக்கேன்.

ரெண்டு மிக்ஸையும் கேட்டேன்ண்ணே. எனக்கு 1993ல வந்ததே போதும், பழகுன காதுங்குறதாலயும் இருக்கலாம். ஆனா ரெண்டுலயும் ட்ரம்ஸ் மாறல, அந்த ரூம யாராலயும் அழிக்க முடியல. ரிட் ஆஃப் மீ கேக்குறப்ப பக்கத்து வீட்டு ஆச்சி கதவத் தட்டி என்ன அப்பு சண்டையான்னு கேட்டாக. மேக்னோலியா மூணு நாளா ஓடுது, அத எடுக்க மனசு வரல.

நான் எழுத வந்தது வேற. நேத்து மேமாடத்துல பொட்டிய ஒதுக்குறப்ப ஒரு கேசட் கெடச்சுச்சு, மேல பால்பாயிண்டுல 1984ன்னு எழுதியிருக்கு. எங்க ஐயா அப்ப மலேசியாவுல இருந்தாக, லெட்டருக்குப் பதிலா பேசி அனுப்புனது. காரைக்குடில ஒருத்தர்ட்ட டேப் ரெக்கார்டர் எரவல் வாங்கிப் போட்டேன். பாடிச்சு! அவுக இறந்தப்ப எனக்கு மூணு வயசு, குரல் ஞாபகமே இல்ல. ஆயாவ நல்லா இருக்கியான்னு கேக்குறாக, எங்க அப்பாவ பரிச்சைக்குப் படிக்கச் சொல்றாக, அதெல்லாம் இருக்கட்டும், நான் பேச்ச விட்டுட்டுப் பின்னாடி கேட்டுக்கிட்டிருந்தேன். ஒரு மேசை ஃபேன் ஓடுது. தகரத்துல மழ பேயுது. யாரோ தூரத்துல சீன மொழில பேசிக்கிட்டே போறாங்க. பேச்சுக்கு நடுவுல ஐயா நிறுத்துறப்ப அந்த ரூமு கேக்குது. இந்த ஆல்பங்களக் கேக்காம இருந்திருந்தா நான் ஐயா குரல மட்டும் கேட்டுட்டு அணைச்சிருப்பேன்.

அல்பினி கடைசி வரைக்கும் டேப்ல எடுக்கணும்னு பிடிவாதமா இருந்ததுக்கு ஒரு காரணம், அம்பது வருசம் கழிச்சும் ஒரு மெஷின் இருந்தா அதப் போட்டுக் கேட்டுறலாம்ங்குறதுதான்னு படிச்சேன். என்கிட்ட 2011ல காலேஜ் கச்சேரி எடுத்து வச்ச ஹார்டு டிஸ்க் ஒண்ணு இருக்கு, மூணு வருசமா எந்த கம்ப்யூட்டர்லயும் தெறக்கல.

தேவகோட்டை அண்ணே, ஒரு கேள்வி. எங்க ஆயாவுக்கு இப்ப 86 வயசு, தாலாட்டும் கும்மிப் பாட்டும் நெறைய தெரியும், இன்னும் குரல் நல்லாருக்கு. இந்த வளவுலயே உக்கார வச்சு எடுக்கணும். என்கிட்ட ஒரே ஒரு மைக்தான் இருக்கு. எங்க வைக்கிறது?


தேவகோட்டை ரஸ்தா:

ஒரு மைக்னா ஆயா வாய்க்கு நேரா வைக்காத, ரெண்டு மூணு அடி தள்ளி, மொகத்துக்குக் கொஞ்சம் மேல, பக்கவாட்டுல வை. தூண ஒட்டி உக்கார வைக்காத, நாலு தூணுக்கும் நடுவுலயும் வேணாம், வளவு ஓரத்து தாவாரத்துல பாதி நெழல்ல உக்காரட்டும். முதல்ல கை தட்டிப் பாரு, டர்ர்ருன்னு அதுர்ற மாதிரி கேட்டா எதிர்ச் செவுத்துல ஒரு கம்பளியத் தொங்கவிடு. ஃபேன நிப்பாட்டாத, ஆயாவுக்கு வேர்க்கும், வேர்த்தா பாட்டு வராது. எந்தப் பாட்டையும் நடுவுல நிறுத்தாத, மறந்துட்டு யோசிக்கிற நேரத்தையும் சேத்து எடு.

இல்லாட்டி இரு, வர்ற ஞாயித்துக்கெழம எனக்கு வேல இல்ல. நாலு மைக்கும் ஸ்டாண்டும் எடுத்துக்கிட்டு காலையில ஏழு மணிக்கெல்லாம் வந்துர்றேன், ரோட்டுல வண்டிச் சத்தம் ஏறுறதுக்குள்ள எடுத்துறலாம். நீ அன்னைக்கு ஓட்டு வேலைக்கு மட்டும் ஆள் வர வேணாம்னு சொல்லி வை.


பச்சக்கல்லு:

நானும் அப்பாவக் கூட்டிக்கிட்டு வரலாமா? அவரு செவுத்தப் பாத்துக்கிட்டிருப்பாரு, நான் ஆயா பாட்டுக் கேப்பேன்.


செக்காலை ரோடு:

வாங்க. காலைச் சாப்பாடு இங்கதான், வெள்ளைப் பணியாரமும் மொளகாச் சட்னியும்னு ஆயா இப்பவே சொல்லிட்டாக.